ஞாயிற்றுக்கிழமை அரை டம்ளர்

சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். தள்ளுவண்டியில் கறுப்புத் திராட்சை குவிந்து கிடந்தது. அந்த வாசனைக்குக் கால் தானாக நின்றுவிட்டது. "ஒரு கிலோ போடட்டுமா சார்?" என்றார் வண்டிக்காரர். அவர்மேல் எனக்கு என்ன கோபமோ, விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் முன்பே நீ ஒயின் ஜாடியைக் கழுவிக் காயவைப்பாய். திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு. தினமும் மரக்கரண்டியால் கிளறித் துணி கட்டுவாய். போன வருஷம் கீமோவுக்கு நடுவிலும் ஒயின் போடுவதை நீ விடவில்லை. உன் கை நடுங்கியதால் நான் பழத்தைப் பிசைந்தேன். "சட்னியா அரைக்கிறீங்க?" என்று கிண்டல் செய்தாய்.

குடிக்கலாமா என்று பெங்களூர் டாக்டரம்மாவிடம் நீயே கேட்டாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போனது. அவர் உன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வாரத்துக்கு ஒரு சின்ன கிளாஸ் பரவாயில்லம்மா. மருந்து ஏத்துற வாரம் வேணாம். வாய்ப்புண் இருந்தாலும் வேணாம்" என்றார். நீ அதை அப்படியே கடைப்பிடித்தாய். ஞாயிறு மத்தியானம் எவர்சில்வர் டம்ளரில் பாதி ஊற்றிக்கொண்டு வாசல் நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருவாய். "சோறு, கொழம்பு எல்லாம் துரு மாதிரி இருக்குது. இது மட்டுந்தான் பழைய ருசில இருக்குது" என்பாய். நானோ கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் பிராந்தி வாங்கி வந்து சனிக்கிழமைதோறும் கவிழ்ந்து கிடப்பவன். "உங்களுக்குக் குடிக்கவும் தெரியல, நிறுத்தவும் தெரியல" என்று நீ சொன்னது நிஜம்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, தேன்கனிக்கோட்டையிலிருந்து என் அண்ணன் உன்னைப் பார்க்க வந்தார். டம்ளரைப் பார்த்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "பொம்பள, அதுவும் நோயாளி, வாசல்ல உக்காந்து குடிக்கிறா. நீ பாத்துனு இருக்கிற. வெக்கமா இல்ல?" டாக்டரே சொன்னார் என்று நான் சொல்லியிருக்கலாம். மறுநாள் நீ தூங்கும்போது ஜாடியில் மீதி இருந்ததைச் சாக்கடையில் கவிழ்த்தேன். புளித்துப் போய்விட்டது என்றேன். இருபது வருஷமாக ஒயின் போடுகிறவளிடம் இந்தப் பொய்!

நீ ஜாடியை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாய். இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாய்: "அது புளிக்கலன்னு எனக்குத் தெரியும். உங்க அண்ணன் மூஞ்சிக்குப் பயந்து கொட்டிட்டீங்க." நான் தட்டை எடுத்துப்போய்க் கழுவினேன். புதிதாக வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த அரை டம்ளர் உன்னைப் பிழைக்க வைத்திருக்காது. கொட்டியதாலும் நீ பிழைக்கவில்லை. கடைசி இரண்டு மாதம் உன் வாய்க்கு ருசியாக ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அதை நோய் செய்யவில்லை, நான் செய்தேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் என் தோளில் கைபோட்டு, "வந்தவங்களுக்கு எதுனா ஏற்பாடு பண்ணியாடா?" என்றார். உடனே வண்டியை எடுத்தேன். அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தேன். மொட்டை மாடியில் ஆண்கள் எல்லோரும் குடித்தோம். கீழே உன் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் வெட்கமாக இல்லை.

அண்ணன் ஒரு தடவைதான் கேட்டார், ஓடிப்போய் வாங்கி வந்தேன். டாக்டரே குடிக்கலாம் என்று சொன்ன உனக்கு இல்லாமல் செய்தேன். இதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.