வெற்றுப் பக்கத்தில் என் கையொப்பம்

ஜூலை 18

ஆதிகேசவா, அரவணையில் கண்வளர்பவனே! அடியேன் கன்னியப்பனின் இந்தப் புதிய ஏட்டின் முதல் எழுத்து உன் திருவடிக்கு. என் கை எழுதுவதில் பொய் கலவாதிருக்க நீயே காவல்.

காலையில் ஸ்ரீபெரும்புதூர் சென்று, கோஷ்டியில் பாசுரம் சேவித்துத் திரும்பினேன். வீட்டுக் கூடத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. என் எழுபதாம் ஆண்டு நிறைவுக்குப் பேரப்பிள்ளைகள் அச்சிட்டுத் தந்த பேனரைக் காணவில்லை.

"ஜாஸ்மின் டீச்சர் வந்திச்சி. பசங்க படம் வரைய பழைய பேனர் வேணுமாம். சொம்மா தொங்கினுதானே கீது, எடுத்துனு போம்மான்னேன்" என்றாள் தாயாரம்மாள்.

"அதில் என் முகம் இருக்கிறதே?"

"பின்பக்கம் வெள்ளையா கீது இல்ல, அதுல வரைவாங்களாம். உங்க மூஞ்சிய யாரு இன்னா பண்ணப் போறாங்க?"

நாற்பது ஆண்டு இல்லறத்தில் என்னைக் கேளாமல் அவள் கொடுத்த முதல் பொருள் என் முகம்.

ஜூலை 22

அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வாரத்துக்கு மூன்று அரைநாள். பிள்ளைகளைக் கிராம சபைக்கு அழைத்துவந்து, பள்ளி வாசலுக்கு வேகத்தடை கேட்கப் போகிறாளாம். படத்தால்!

அது என் கோரிக்கை. மனு எழுதியே நாற்பத்தோராண்டு பிழைத்தவன் நான். கம்பெனிப் பேருந்துகளும் கண்டெய்னர் லாரிகளும் ஷிப்டு மாறும் வேளையில் பள்ளி வாசலில் பறப்பதைக் குறித்து இதுவரை ஒன்பது மனுக்கள் எழுதி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெண்பா அமைத்துக் கிராம சபையில் படித்தேன். பலன்? சென்ற மே தினத்தில் டீக்கடைக்காரர் சொன்னது: "பெர்சு, நீ ரெண்டாவது வரி போறதுக்குள்ள நம்ம டீ ஆறிப்பூடுது."

இம்முறை காலமும் நெருக்குகிறது. செப்டம்பரில் சாலைக்குப் புதிய தார் போடுகிறார்கள். அதற்குள் ஊராட்சித் தீர்மானம் மேலதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தால் வேகத்தடையும் கூடவே வரும். தவறினால் எப்போது வருமோ, யாரறிவார்.

ஆகஸ்ட் 3

பள்ளியின் பக்கமாகப் போனேன். வேண்டுமென்றே போனேன் என்று எழுதுவதே உண்மை.

பிள்ளைகள் மைதானத்தில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தார்கள். தைத்து ஒட்டிய பேனர்கள் ஒரு சாலையின் நீளத்துக்குக் கிடந்தன. அதில் ஒரு பேருந்துக்கும் முகமில்லை, கண்ணாடியில்லை. சக்கரங்கள் மட்டும். ஆளுயரச் சக்கரங்கள்.

மாடியில் குடியிருக்கும் கவியா, எட்டாம் வகுப்பு, திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, ஓடிவந்தாள். "தாத்தா, மிஸ் எங்கள ரோட்டோரமா உக்கார வச்சு, கண்ணுக்கு என்ன தெரியுதோ அத மட்டும் வரையச் சொன்னாவ. எங்களுக்குச் சக்கரந்தான் தெரியுது!"

ஒன்பது வெண்பாக்களில் எங்கும் நான் சக்கரம் என்று எழுதவில்லை. 'விரைந்தேகும் ஊர்திகள்' என்றே எழுதினேன்.

அழுக்காறு. எழுதினேன், அடித்தேன். மீண்டும் எழுதுகிறேன். அழுக்காறு.

ஆகஸ்ட் 15

எழுதியே ஆகவேண்டும்.

கொடியேற்றி முடிந்ததும் கிராம சபை கூடியது. பந்தல் வாசலின் குறுக்கே அந்தத் துணிச்சாலையை விரித்திருந்தார்கள். உள்ளே வரவேண்டுமானால் அதைக் கடந்தே வரவேண்டும். சக்கரங்களுக்கு நடுவே பிள்ளைகள் தம் பாதங்களை மையில் தோய்த்துப் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு பாதத்தருகிலும் ஒரு பெயர்.

வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பிள்ளைகளின் காலடி மேல் செருப்போடு யார் மிதிப்பது? செருப்பைக் கழற்றினார்கள். கழற்றிய பின்பும் தயங்கினார்கள். "எங்க வூட்டு பூஜா காலு இது" என்று சந்திரம்மாள் குனிந்து தொட்டாள். அப்போது கவியா ஒலிபெருக்கியில் ஒரே வாக்கியம் சொன்னாள்: "நாங்களும் தினமும் இப்படித்தான் நிக்கோம்."

பந்தல் அதிர்ந்தது, அப்படி ஒரு கைதட்டல். டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனுவுக்கு டீ ஆறுகிறது என்றவர்!

அந்தச் சாலையின் அடியில், மண்ணைப் பார்த்தபடி, என் முகம் கிடந்தது.

இனி எழுதப்போவது எனக்கும் பெருமாளுக்கும் மட்டும் தெரிந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் எதுவும் எழுதுமுன்பே வெற்றுப் பக்கத்தில் எல்லோரும் கையொப்பமிட்டு, லட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு ஊராட்சிச் செயலர், மேலிடத்திலிருந்து அச்சிட்டு வந்த கூட்டப் பொருள்களை மட்டும் மேலே நிரப்புவார். அதில் வேகத்தடை இல்லை. ஆரவாரத்தில் எவரும் எழுதச் சொல்லவுமில்லை. எழுதப்படாதது தீர்மானமாகாது. செயலரைத் தவிர இதை அந்தப் பந்தலில் அறிந்தவன் நான் ஒருவனே. எழுதிய பிறகே ஒப்பமிடுவேன் என்று இத்தனை ஆண்டும் பிடிவாதமாக நின்றவனும் நானே.

"மிஸ், பாஸாயிடுச்சா?" என்று பிள்ளைகள் குதித்தார்கள். "பாத்தீங்கல்ல, எல்லாரும் கைதட்டினாங்களே!" என்றாள் ஜாஸ்மின்.

நான் வெற்றுப் பக்கத்தில் கையொப்பமிட்டேன். லட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஆகஸ்ட் 27

இன்னும் நேரமிருக்கிறது என்று தினமும் நினைக்கிறேன். செயலரிடம் சொல்லலாம், சிறப்புக் கூட்டம் கேட்கலாம். படித்துறையில், கோவிலில், கறிகாய்க் கடையில், எங்கு போனாலும் அந்தப் படத்தைப் பற்றியே பேச்சு. கேட்டதும், செயலரிடம் போகக் கிளம்பிய கால் திரும்பிவிடுகிறது.

ஒன்பது முறை என்னைக் கேட்காத ஊருக்கு நான் ஏன்?

செப்டம்பர் 9

புதுத் தார் போட்டுவிட்டார்கள். பள்ளி வாசலில் கண்ணாடிபோல வழுவழுப்பு. வேகத்தடை இல்லை.

"பெறகு போடுவாவளா இருக்கும், இல்ல தாத்தா?" என்றாள் கவியா. ஆம் என்று தலையசைத்தேன். வாயால் ஒரு பொய், தலையால் ஒரு பொய் என்று வேறுபாடு உண்டா?

செப்டம்பர் 20

ஐயோ. கவியாவின் சைக்கிள் ஒரு கம்பெனி பஸ்சுக்கு அடியில் போய்விட்டது. பிள்ளை தப்பித்தாள். குதித்துவிட்டாள், முழங்கை மட்டும் சிராய்ப்பு — பெருமாளே, முழங்கை மட்டும். வளைந்த சக்கரத்தை அவள் அப்பன் தூக்கிக்கொண்டு வந்தான். ஷிப்டுக்குப் போன உடுப்போடு நின்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை. யாரைத் திட்டுவான்? அவனுக்கு என்ன தெரியும்? எனக்கல்லவா தெரியும்!

இன்னா மனுஷன்டா நீ, கன்னியப்பா. இன்னா மனுஷன்.

செப்டம்பர் 21

புரட்டாசி முதல் சனி. கோஷ்டியில் சேராமல், கடைசித் தூணருகே நின்று திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 23

பள்ளிக்குச் சென்று ஜாஸ்மினிடம் அனைத்தும் சொன்னேன். வழக்கத்தை, வெற்றுப் பக்கத்தை, என் கையொப்பத்தை. காரணத்தையும் சொன்னேன்: "பொறாமை, அம்மா."

அவள் தூரிகையைக் கழுவிக் குவளையில் வைத்தாள். பிறகு, "எனக்கு அது தெரியாது ஐயா. கைதட்டினா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பசங்களுக்கும் அதையே சொல்லிக் குடுத்துட்டேன்" என்றாள். பிறகு குரல் மாறியது. "உங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா. அந்தப் புள்ள போயிருந்தா?"

தலை குனிந்தபடி எழுந்தேன்.

புறப்படும்போது கேட்டாள்: "ரெண்டாம் தேதி சபைக்கு வருவீங்களா? என்ன எழுதணும்னு எங்களுக்குத் தெரியல."

அக்டோபர் 2

பிள்ளைகள் அதே சாலையை விரித்தார்கள். புதிதாக ஒன்று மட்டும் வரைந்திருந்தார்கள்: வளைந்த சைக்கிள் சக்கரம். இம்முறை எவரும் கைதட்டவில்லை.

நான் எழுந்தேன். "இன்னா பெர்சு, பாட்டா?" என்றார் டீக்கடைக்காரர்.

"பாட்டு இல்லை. சென்ற முறை வேகத்தடைத் தீர்மானம் எழுதப்படவில்லை என்பதை அறிந்தே ஒப்பமிட்டேன். பிள்ளைகளுக்குக் கிடைத்த பெயரைப் பொறுக்காமல் வாயை மூடிக்கொண்டேன். எழுதிப் படித்துக் காட்டும் வரை இன்று எவரும் ஒப்பமிடாதீர்கள்."

பந்தலில் முணுமுணுப்பு. "வயசாயி இன்னா பிரயோஜனம்" என்றது ஒரு குரல். சரியான கேள்வி. கவியா என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. தாயாரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செயலர் பேனாவைத் திறந்து, "சொல்லுங்க, எழுதறேன்" என்றார். நாவில் வெண்பாவின் முதல் சீர் வந்து நின்றது. விழுங்கினேன். கவியா ஆகஸ்டில் சொன்ன வாக்கியத்தையே முதல் வரியாகச் சொன்னேன். பிறகு இடம், நேரம், கோரிக்கை. நான்கு வரிகள். அவர் படித்துக் காட்டினார். அதன் பிறகே வரிசை நகர்ந்தது. லட்டு கடைசியில்.

நவம்பர் 28

பள்ளி வாசலில் வேகத்தடை. மஞ்சளும் வெள்ளையும் காயவில்லை. காலை ஷிப்டுப் பேருந்து அதன்முன் தயங்கி, ஏறி, மெல்ல இறங்கியது.

"படம் போட்டே ரோட்ட நிறுத்திட்டாங்க பசங்க" என்றார் டீக்கடைக்காரர். அருகில் நின்ற என்னிடமே சொன்னார். என் நான்கு வரிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. உள்ளே எரிந்தது. இல்லை என்றால் அது பொய்.

"ஆமாம், பிள்ளைகள்தான்" என்றேன்.

அந்தப் பேனர்ச் சாலையின் ஒரு துண்டு இப்போது பள்ளி வாயிற்கதவில் தொங்குகிறது. சாலையைப் பார்த்தபடி சக்கரங்களும் பாதங்களும். உட்புறம், மைதானத்தைப் பார்த்தபடி என் முகம். யாரோ அதற்கு மீசை வரைந்திருக்கிறார்கள். அக்டோபர் சபைக்குப் பின் முகம் திருப்பியிருந்த கவியா என்னோடு மீண்டும் பேசத் தொடங்கிவிட்டாள். மீசை வரைந்தது யார் என்று மட்டும் சொல்ல மறுக்கிறாள்.

என்றேனும் இந்த ஏட்டைத் திறப்பவர் எவரோ, அவர் நலமே வாழ்க. அவர் இல்லத்துப் பிள்ளைகள் காலையில் போன வழியே மாலையில் முழுதாய்த் திரும்பி வருக. அடுப்பில் சோறும் கூடத்தில் சிரிப்பும் குறையாதிருக்க ஆதிகேசவன் துணை நிற்பானாக.