வலது கதவு

மயிலாப்பூர்
நவம்பர் 1996

குழந்தே,

வீடு விலை பேசியாச்சு. பம்பாய்ல உன்னோட வந்து இருக்க எனக்கும் சம்மதம்தான். மிச்சம் அந்த இங்கிலீஷ்காரன் காலத்து வால்நட் பீரோ.

பீரோவை வாங்க வந்தவர் அதைத் தடவிண்டே நின்னார். ஒரே கட்டையிலேர்ந்து மெல்லிசா ரெண்டு ஏடு அறுத்து, புஸ்தகம் பிரிக்கற மாதிரி விரிச்சு, கதவுக்கு ஒண்ணா ஒட்டியிருக்கானாம், செஞ்ச தச்சன். அதான் இந்தக் கதவோட ரேகை அந்தக் கதவுல கண்ணாடியில தெரியற மாதிரி இருக்காம். "கறையெல்லாம் போக பாலிஷ் போட்டுடுங்கோ, எடுத்துக்கறேன்"னார்.

பாலிஷ்காரர் இடது கதவை முடிச்சார். பளபளன்னு இருந்தது. ஸ்பிரிட் துணியோட வலது கதவுக்கு நகர்ந்தப்போதான் எனக்கு உறைச்சுது. கறைன்னு வாங்க வந்தவர் சொன்னது, வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு உங்கம்மா ரெண்டு கதவுலயும் வெச்ச சந்தனமும் குங்குமமும். அவ விரல் அகலம். இந்த வருஷம் யாரும் வைக்கலை.

"போதும், விட்டுடுங்கோ"ன்னேன்.

ஜோடி சேராத கதவு வேண்டாம்னு வந்தவர் போயிட்டார். உன் ஃபிளாட்ல பீரோ வைக்க இடமில்லைன்னு தெரியும். ஆசாரியை வரச் சொல்லியிருக்கேன். வலது கதவை மட்டும் கழட்டி எடுத்துண்டு வரேன்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா