குடிக்காமல் விட்ட தண்ணீர்

நேற்று நம் பள்ளியில் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். படியேறும்போதே பினாயில் வாசம். மாணவிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் தனித்தனியாகக் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. நீ இல்லை என்று தெரிந்தும் இதை முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தத் தண்டையார்பேட்டைப் பள்ளி முழுவதற்கும் கழிப்பறை ஒன்றே ஒன்றுதான். தாழ்ப்பாள் இல்லை, உள்ளே தண்ணீர் இல்லை. காலையில் ஒரு காபி குடித்துவிட்டு வருவாய். சாயங்காலம் ராயபுரத்தில் உன் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாய். "ஒட்டகம்கூட நம்மளப் பாத்தா சலாம் போடும்டீ" என்று சிரிப்பாய்.

ஒரு நாள் நீ ஆறாம் வகுப்பில் உடல்நலப் பாடம் நடத்துவது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றாய். ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், நீங்க இன்னிக்கு எத்தினி டம்ளர் குடிச்சீங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. "உக்காருடி வாயாடி" என்று நீயும் சிரித்தாய். குரல் வறண்டிருந்தது.

அடிக்கடி நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வந்துவிடுவாய். பெண்களுக்கு வருவதுதானே என்று இருந்துவிட்டோம். கிருமி மேலேறிச் சிறுநீரகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிட்டதை டாக்டர் சொன்னபோது நீ ஓய்வுபெற்றிருந்தாய். காலரா வந்தால் ஊரே பேசும். இதை யார் பேசினார்கள்? நோய் சாக்கடையிலிருந்து வரும் என்று மட்டுமே நாமும் பாடம் நடத்தினோம். தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவும் ஆளைக் கொல்லும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. உலகில் எத்தனை ஊர்களில் எத்தனை பெண்கள் இந்நேரம் தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிறார்களோ.

டயாலிசிஸ் வார்டில் உனக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். "ஒரு மடக்கு குடுடீ, நர்ஸ் பாக்கல" என்றாய். அளவு கூடினால் உடம்பில் நீர் தங்கி உனக்கு மூச்சு முட்டும். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

"அன்னிக்கு தண்ணி இருந்திச்சு, குடிக்க முடியல. இன்னிக்கு கேட்டா குடுக்க மாட்றீங்க. இன்னா நாயம்டீ இது?"

பஞ்சை மறுபடி நனைத்தேன்.

இன்று காலை நம் பழைய மாணவி ஒருத்தி இனிப்போடு வந்தாள். மணலியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து ஒரு வாரம் ஆகிறதாம். "அங்கே கக்கூஸ் இருக்கா?" என்றேன்.

"இன்னா டீச்சர், மொதோ கேள்வியே இதுவா! கீது டீச்சர். ஆனா பூட்டி வெச்சிகீறாங்க. சாவி சூப்பர்வைசராண்ட கீது. ஆம்பளயாண்ட போயி எப்டி கேக்கறது? சாயங்காலம் வரிக்கும் தண்ணி குடிக்காம சமாளிச்சிக்கறேன்."

உன்னைப் போலவே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளை உட்காரவைத்து உன் கதை முழுவதையும் சொன்னேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கு நீயே சாவியைக் கேள்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நாளைக் காலை அவளோடு நானும் பஸ் ஏறுகிறேன். அந்தச் சாவியை நானே கேட்கப்போகிறேன்.