மூன்றாவது படியில் நின்றவருக்கு

என் அப்பாவுக்கு, நீ போன பிறகும் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டிவலிதான், ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஹெப்பகோடியில் நம் வீட்டுக்குள் எந்நேரமும் புழுதி. நீ லேத் ஓட்டிய ஃபேக்டரி இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட் எழும்புகிறது. நான் அதே பள்ளிக்கூடத்தில்தான் ஜியாகிரஃபி எடுக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இல்லை, கோபித்துக்கொள்.

போன வியாழக்கிழமை எட்டாம் வகுப்பில் தொழில்களைப் பற்றிய பாடம். மண்ணிலிருந்து எடுப்பது முதல் வகை: விவசாயம், சுரங்கம். எடுத்ததைப் பொருளாகச் செய்வது இரண்டாம் வகை: ஃபேக்டரி. பிறருக்குச் சேவை செய்வது மூன்றாம் வகை: பேங்க், ஆஸ்பத்திரி, சாஃப்ட்வேர். மூன்றாவதில் நிறைய பேர் வேலை பார்க்கும் நாட்டை முன்னேறிய நாடு என்கிறது புத்தகம். பிள்ளைகளுக்கு மனதில் நிற்கட்டும் என்று போர்டில் மூன்று படி வரைந்தேன். புத்தகத்தில் படி கிடையாது அப்பா. அது என் கைங்கரியம்.

கவிதா என்று ஒரு பெண், எப்போதும் முதலில் கை தூக்குவாள். எழுந்து நின்றாள். “மிஸ், எங்கப்பா ஐ.டி. கம்பெனில செக்யூரிட்டி. அப்போ அவரும் மேல் படிதானே?” முகமெல்லாம் பல்.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், “கேட் தொறக்கறதுக்கு மேல் படியாம்டா!” என்றான். வகுப்பே சிரித்தது. நான் “சைலன்ஸ்” என்று ஸ்கேலைத் தட்டினேன். கவிதா உட்காரவில்லை. “உங்கப்பா எந்தப் படி மிஸ்?” என்று கேட்டாள். அதில் குறும்பில்லை; துணைக்கு ஆள் தேடினாள், அவ்வளவுதான்.

“ரெண்டாவது. லேத் ஆபரேட்டர்,” என்றேன்.

பொய்யில்லை. ஆனால் ஃபேக்டரியை மூடிய பிறகு, கண்ணை மூடும்வரை நீ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கேட்டில் நீல யூனிஃபார்மில் நின்றாயே, அதை விழுங்கிவிட்டேன். நான் வரைந்த படத்தைப் பார்த்தால் நீ மேலே ஏறிவிட்டாய். அப்படியிருக்க உன்னை ஏன் ஒரு படி கீழே இறக்கினேன்? பாடத்தை நானே நம்பவில்லையா, இல்லை உன்னைச் சொல்லத்தான் கூசியதா?

கூசியது. மூடி மறைக்க என்ன இருக்கிறது, கூசியது.

உனக்குக் கூசியதா அப்பா? ஆயுத பூஜைக்கு லேத்துக்கு மாலை போட்டுப் பழகிய ஆள், செக்யூரிட்டியான வருஷம் எதற்குப் பொட்டு வைப்பதென்று வீடெல்லாம் தேடினாய். கடைசியில் உன் விசிலைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாய். “ஊதிப் பாருய்யா, சாமி திரும்பிப் பாக்குதான்னு” என்று அம்மா கேலி செய்தாள். நீ நிஜமாகவே ஊதினாய். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, நீயும் சிரித்தாய். அது மனசிலிருந்து வந்த சிரிப்புதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நேற்றுதான் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? அந்த மனுஷன் கேட்டுல நின்னதாலதாண்டி நீ போர்டுகிட்ட நிக்கிற. அந்தப் பொண்ணு அன்னிக்கு வீட்டுக்குப் போயி அவங்கப்பன் மூஞ்சிய எப்படிப் பாத்திருக்கும்?”

அதுதான் என்னை அரிக்கிறது. வெள்ளிக்கிழமை கவிதா கை தூக்கவில்லை. சுலபமான கேள்விதான் கேட்டேன், அவள் பக்கம் பார்த்தே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். தன் அப்பனை நினைத்து வெட்கப்பட ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இதைவிடக் கேவலம் ஒரு டீச்சருக்கு என்ன இருக்கிறது, சொல்.

நாளை முதல் பீரியட் அந்த வகுப்புதான். படி வரைய மாட்டேன். பாடத்தைத் தொடங்குமுன், அவள் கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் ஒழுங்காகப் பதில் சொல்வேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். இது உன்மேல் சத்தியம். வாய் பழகாத வார்த்தை என்பதால், முதலில் உன்னிடமே சொல்லிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
செக்யூரிட்டி கோவிந்தராஜின் மகள்,
சாந்தி