வாசல் சுவரில் தார் எழுத்து

ஜூன் 3
பேருந்து நிறுத்தத்தில் என் எழுத்து! ஏதோ பேய்ப்பட விளம்பரத்தில் படத்தின் பேர். ‘வ’வின் வயிறு சரிந்து தார் வழிந்த இடம்கூட அப்படியே இருக்கிறது. எங்கள் வாசல் சுவரில் நான் எழுதிய அதே எழுத்து. பள்ளிக்கூடம் போகாமல் கடைப் பலகைகளைப் பார்த்து எழுதப் பழகியவள் நான். என் எழுத்து எனக்குத் தெரியாதா?

மகள் சிரிக்கிறாள். “ஒரு தாடிக்காரர் சுவரைப் போட்டோ எடுத்தாரேம்மா. கக்கூஸ் சுவரையும் எடுத்துக்கோன்னு நீதானே சொன்னே?”

சொன்னேன்தான். சினிமாவுக்குக் கொடு என்றா சொன்னேன்?

ஜூன் 4
ஆறவில்லை. ‘அம்மாவைப் பார்க்க வராதவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது.’ என் சுவரில் இருப்பது இதுதான். பேய்க்கு எழுதியதா? தம்பிக்கு எழுதியது. அம்மா படுக்கையில் கிடந்தபோது, இரண்டு தெரு தள்ளி இருந்தவன் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் அம்மாவின் அலமாரியைத் திறக்க வந்தான். கூரை ஒழுகலுக்கு வாங்கிய தார் மிச்சமிருந்தது. எழுதினேன். ஆறு வருஷமாக அது அவனுக்கும் எனக்கும் இடையில் இருந்தது. இப்போது ஊருக்கே வேடிக்கை.

ஜூன் 6
மகளை விட்டு விலாசம் விசாரித்து, தாடிக்காரனின் அலுவலகத்துக்கே போனேன். சினிமா விளம்பரங்களுக்கு எழுத்து வடிவம் செய்கிறவனாம். கம்ப்யூட்டர் திரையில் என் எழுத்தெல்லாம் பிடிபட்ட திருடர்கள் மாதிரி வரிசையாக நிற்கிறது. நான் எழுதாத எழுத்துகளை அவனே இட்டுக்கட்டியிருக்கிறான். ஒவ்வொன்றும் குடிகாரன் நடை.

“பாட்டி, இதுல ஒரு மூட் இருக்கு. வேணும்னே கோணலா எழுதியிருக்கீங்க பாருங்க, அதான் அழகு. மிச்ச எழுத்தையும் எழுதித் தாங்களேன்.”

பாட்டியாம். இவன் தாடியில் என்னைவிட நரை.

“எவன்டா வேணும்னே கோணலா எழுதினது? நேராத்தான் எழுதினேன். கை நடுங்குச்சு.”

விளம்பரத்தையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 7
தாடிக்காரன் போனில் சொல்கிறான், ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டதாம், எடுக்க முடியாதாம். ஒட்டிய கைக்குக் கிழிக்கத் தெரியாதோ?

ஜூன் 11
தம்பி போனில் கூப்பிட்டான். ஆறு வருஷத்துக்குப் பிறகு.

“அக்கா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். தூரத்துலயே உன் எழுத்துன்னு தெரிஞ்சுது. ஊர் பூரா என்னைத் திட்டி எழுதிட்டியா?”

“அது சினிமா பேருடா, தறுதலை.”

சிரித்தான்.

“அம்மாவை அந்தக் கோலத்துல பார்க்க எனக்குத் தைரியம் இல்லக்கா.”

வைத்துவிட்டேன்.

ஜூன் 12
தைரியம் இல்லையாம். பீ மூத்திரம் அள்ளிய எனக்கு மட்டும் அதைக் கடையில் விற்றார்களா?

ஜூன் 19
வந்துவிட்டான். சுவரை முதல் எழுத்திலிருந்து படித்தான். வாசலைத் தாண்டவில்லை.

“அழிச்சிடறியாக்கா?”

“மாட்டேன்.”

“சரி.”

போகவும் இல்லை. வெயிலில் அப்படியே நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. மகள் அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்து இரண்டு நாற்காலிகளைத் தூக்கிவந்து, வெளியே அந்த எழுத்துக்குக் கீழே போட்டேன்.

“சுவர்ல சாயாதே, தார் ஒட்டும்” என்றேன். ஆறு வருஷத் தார். ஒட்டாதுதான்.