சால்வையால் கட்டிய கால்

முரசுமோட்டை

அன்பு மகள் சாரங்கா அறிய,

பிள்ளையார் காவலில் நானும் அம்மாவும் சுகம், நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். போன் இருக்க அப்பாவுக்கு என்ன கடிதமென்று சிரிப்பாய். போனென்றால் அம்மா பக்கத்தில் நிற்பா, எனக்கு வாய் வராது பிள்ளை. ஐயாத்துரையின் மகள் நிரோஜா லீவு முடிந்து நோர்வேக்குத் திரும்புகிறாள், அவள் கொண்டுவரும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை வைத்துவிடுகிறேன்.

காலபோக நெல் அறுத்து முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை. போன மாதம் வயலால் வரும்போது மோட்டார் சைக்கிளில் கண் செருகி வாய்க்காலுக்குள் விழுந்துபோனேன், முழங்கை உரசலோடு தப்பினேன், சொல்லவில்லையென்று கோபிக்காதே. "பட்டப்பகலில நித்திரையோ, இந்தாள் குடிச்சதோ எண்டு ஊர் கேக்குது" என்று அம்மா ஏசி, வவுனியாவில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. ஒரு இரவு உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் பார்த்தார்கள், குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். பிறகு டொக்டர், "படுத்தா காலுக்குள்ள ஏதோ ஊருறமாதிரி, ஆட்டாமல் இருக்கேலாமல் வருமோ ஐயா" என்று கேட்டார். இல்லையென்று சொல்ல நான் வாயெடுக்க, அம்மா முந்திக்கொண்டு, "முப்பது வரியமா உதை வாங்கிறது நானல்லோ" என்றா. மூச்சு நிற்பதும் இந்தக் கால் வருத்தமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது புதினமில்லையாம், இரண்டும் நித்திரையைக் கெடுக்குமாம், ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் அலுப்புப் போகாதாம். கால் வருத்தம் பரம்பரையாகவும் வருமென்றார். அதைக் கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது.

நீ ஓ.எல். சோதனைக்குப் படித்த வருடம், கதிரையில் இருந்து காலாட்டுவாய். காலாட்டினால் வீட்டுக்குத் தரித்திரமென்று எத்தனை நாள் கத்தினேன். ஒருநாள் என் சால்வையால் உன் இரண்டு காலையும் கதிரையோடு கட்டிப்போட்டேன். "அப்பா, நான் ஆட்டேல்லை, அது தானா வருது" என்று அழுதாய். அது பொய்யில்லையென்று எனக்கு அப்போதே தெரியும் சாரங்கா, அதுதான் என்னை இப்போது தின்கிறது. அன்றும் என் கால் அப்படித்தான். இரவில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறேனென்று வரம்பில் நடந்ததெல்லாம் காலை அடக்கத்தான். வீட்டுக்குப் பெரியவனே காலாட்டுகிறானென்று சனம் கதைக்குமென்று மறைத்தேன். என் காலை உனக்குத் தந்துவிட்டு அதற்கு உன்னையே கட்டினேன், பாவி நான்.

மருமகன் உன் குறட்டை தாங்காமல் வேறு அறையில் படுக்கிறாரென்றும், கார் ஓடும்போது கண் செருகுகிறதென்றும் அம்மாவிடம் சொன்னாயாம். இது விளையாட்டில்லை. எனக்கு வாய்க்கால் வாய்த்தது, உனக்குப் பெரிய றோட்டு. டொக்டரிடம் போ, போகும்வரை கார் ஓடாதே. குறட்டையை மட்டும் சொல்லாமல் காலையும் சொல்லு, இரும்புச்சத்துக் குறைந்தாலும் இந்தக் கால் வருத்தம் வருமாம், இரத்தத்தில் அதையும் பார்க்கச் சொல்லு, உன்பாட்டில் நித்திரைக் குளிசை போடாதே. வெட்கப்படாதே பிள்ளை, வெட்கப்பட வேண்டியவன் நான்.

தூளைக் காற்றுப் போகாத போத்தலில் போட்டு வை. பிள்ளையார் உன் பக்கத்திலேயே இருப்பார். அடுத்தமுறை வரும்போது அதே கதிரையில் இரு, நானும் பக்கத்தில் இருந்து இரண்டுபேருமாகக் காலாட்டுவோம், தரித்திரம் வந்தால் வரட்டும்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
அப்பா,
கதிர்காமநாதன்