கப்பலில் தொங்கிய ஆறு தூளிகள்

9-1-1975, வியாழன்

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டுக் குளியலறைச் சோப்பு இன்று காலை ஏழேகால் மணிக்குக் காலமானது. பத்து நாளாகவே மெலிந்து வந்தது. கடைசி மூச்சு என் இடது அக்குளில் பிரிந்தது.

இன்னொரு செய்தி. துறைமுகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் பழைய போர்க்கப்பலில் எங்கள் சாரணர் படை ஒரு ராத்திரி தங்கப்போகிறது! கல்யாணராமன் சார் சொன்னார். (சார் இல்லாமல் சாரணர் ஏது?) கட்டில் கிடையாது, கான்வாஸ் தூளிதான். ஆறு பையன்களின் தூளியை ஒருவனே கட்ட வேண்டும். விடியும்வரை ஒன்றும் அவிழாவிட்டால் அவன் அணித் தலைவன். சட்டையில் வெள்ளைப் பட்டை! கையைத் தூக்கிவிட்டேன். என்னை விட்டால் யார்?

11-1-75

ஆறு பேருக்கு ஒரு தகப்பனார் துணைக்கு வர வேண்டுமாம். என் அப்பா தானாகப் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறார். பொங்கல் முடிந்தால் பாண்டி பஜாரில் எங்கள் ஜவுளிக்கடையில் ஈ ஓட்டுகிற வேலைதானாம். ஐயோ. யாரைப் பார்த்தாலும் "வாங்க அண்ணாச்சி, என்ன பாக்கீங்க?" என்பார். பீரங்கியையும் கேட்பாரோ?

17-1-75

முடிச்சுப் பயிற்சி. கவனிக்கவில்லை. ஷாஹுல் ஹமீதின் இரண்டு பூட்ஸ் கயிற்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் பயிற்சிதானே?

19-1-75, ஞாயிறு

என்ன கப்பல்! மேல்தளத்தில் ஒரு பித்தளைக் குழாய். அதில் பேசினால் அடித்தளத்தில் கேட்கிறது. "சுண்டல் ரெடி" என்றேன். கீழே பதினெட்டுப் பேர் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அப்பா ஏறும்போதே செருப்பைக் கழற்றிவிட்டார், கடையில் வெள்ளை விரிப்பில் கால் வைக்கிற மாதிரி. மானம் போயிற்று.

ஆனால் ஆறு தூளியும் விடியும்வரை தொங்கின! கட்டியது அடியேன் ஜவஹர். சார் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, "யார்கிட்டடா கத்துண்டே?" என்றார். பிறவி ஞானம் என்றேன். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

20-1-75

பட்டை குத்தியாயிற்று. வகுப்பில் கதையை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை புயல் அடித்தது.

21-1-75

சனிக்கிழமை படை முழுவதற்கும் அந்த முடிச்சை நான் போட்டுக் காட்ட வேண்டுமாம். காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

22-1-75, புதன்

சரி. உண்மை.

எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு. எங்கள் கடையில் புடவைப் பொட்டலத்துக்குப் போடுவது. வாங்கினவர்கள் வீட்டில் போய் நுனியை இழுத்தால் சட்டென்று அவிழும். அதைத்தான் ஆறு தூளிக்கும் போட்டேன். எல்லோரும் பீரங்கி பார்க்கப் போனபோது என் தூளியில் ஏறிப் பார்த்தேன். தொப்! இரும்புத் தரை.

பின்னால் அப்பா.

"ஏலே, பொட்டலக் கட்டா போட்டுருக்க? உள்ள பிள்ளைகள்லா படுக்கப் போகுது."

அவ்வளவுதான் சொன்னார். ஆறையும் அவிழ்த்து, லாரியில் ஏற்றுகிற துணி மூட்டைக்குப் போடும் கட்டைப் போட்டார். சாரிடம் மூச்சு விடவில்லை. நானே சொல்வேன் என்று நினைத்திருப்பார். மூன்று நாளாக நினைத்திருப்பார்.

இன்று எல்லோர் முன்னாலும் சாரிடம் சொன்னேன். திருந்தியதால் இல்லை, சனிக்கிழமைப் பயம். பட்டையைக் கழற்றி நீட்டினேன். பின்னே கட்டினது யார் என்றார் சார். "எங்கப்பா." கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"அப்போ பட்டைய உங்க நைனாவுக்குத்தான் குத்தணும் மச்சி. நீ இன்னாத்துக்குக் குறுக்கால?" என்றான் ஷாஹுல். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "சொல்லிட்டியா? சரி" என்று சோற்றைப் பிசைந்தார். ஆனால் அம்மாவிடம் இரண்டாம் தடவை ரசம் கேட்டபோது குரலில் ஒரு குஷி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.